மூச்சைக் கேட்டவர்

அவரிடம் பேசுவது எனக்குப் பிடிக்காது. நாம் பேசும்போது அவர் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். தலையைச் சாய்த்து இடது காதை நம் வாய்ப்பக்கம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். "சௌக்கியமுங்களா?" என்று கேட்டால்கூட, அதற்குள் நாம் எதையோ ஒளித்து வைத்திருப்பது போல அந்தக் காது துழாவும். பேசிவிட்டு நகரும்போது, மடியில் கனத்தோடு சுங்கச்சாவடியைத் தாண்டியவன் போல இருக்கும் எனக்கு. மடியில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் அப்படித்தான் இருக்கும்.

கொல்லிமலை முழுக்க அவரைக் கோட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். சடுகுடு ஆட்டத்தில் நடுக்கோட்டில் நின்று நியாயம் சொல்கிறவர். வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. மலைக்கு ரோடு வரவில்லை. காரவள்ளியிலிருந்தோ புளியஞ்சோலையிலிருந்தோ காட்டுத்தடத்தில் ஏறித்தான் மேலே வர வேண்டும். அவர் புளியஞ்சோலைப் பக்கத்து அடிவாரத்துக் குடியானவர். கொஞ்சம் சொந்தக் காடு உண்டு. தை பிறந்து எங்கள் சாமை அறுவடை முடிந்ததும் மலையில் ஆட்டம் தொடங்கும். அவர் ஏறி வருவார். வைகாசி மழையோடு ஆட்டம் முடியும், இறங்கிப் போவார். பொழுதுபோக்காக அவர் வரவில்லை. அதுதான் அவருக்குத் தொழில். ஆடுகிற இரண்டு நாட்டாரும் சரிபாதி தானியம் போட்டு அவருக்கு அளப்பார்கள். நாடு என்றால் மலையில் சில ஊர்கள் சேர்ந்த கூட்டு. எங்களுடையது வளப்பூர் நாடு.

மலைக்காரன் ஒருவனையே கோட்டில் நிறுத்தினால் என்ன என்று கேட்கலாம். மலையில் யாரை எடுத்தாலும் இந்த நாட்டுக்கு மாமனாக இருப்பான், இல்லையென்றால் அந்த நாட்டுக்கு மச்சானாக இருப்பான். அதனால் கோட்டுக்காரர் கீழேயிருந்துதான் வர வேண்டும். வந்தவர் ஆடுகிற நாட்டில் எவர் வீட்டு உப்பையும் தின்னக் கூடாது. தின்றால் அத்தோடு கோட்டில் நிற்கிற தகுதி போயிற்று. எங்கள் அப்பன் பாட்டன் காலத்துக் கட்டு இது. மற்ற கோட்டுக்காரர்கள் இதை ஒரு மாதிரி வளைத்து நெளித்துக் கடைப்பிடித்ததாகச் சொல்வார்கள். இவர் வளைக்கவே மாட்டார். தன் சோற்று மூட்டையைத் தானே சுமந்து வருவார். ஊருக்கு மேலே ஓடை எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே போய்த் தண்ணீர் குடிப்பார். ஒருவர் வீட்டிலும் படுக்க மாட்டார். கோயில் மண்டபத்தில் சுவரோரம் முதுகை ஒட்டிப் படுத்திருப்பார்.

ஒருமுறை என் அண்ணி நாலைந்து பலாச்சுளைகளை இலையில் வைத்து என்னிடம் கொடுத்தனுப்பினார். மனிதர் அவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறாரே என்ற இரக்கம்தான். கொண்டு போய் நீட்டினேன்.

"யாருங்க குடுத்துவிட்டது?"

"எங்க அண்ணிங்க."

"எதுக்குங்க?"

"திங்கறதுக்குத்தானுங்க. பலாச்சுளையில உப்பு எங்கீங்க இருக்குது?"

காதை என் வாய்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தார். பிறகு சொன்னார்: "சுளையில இல்லீங்க. குடுக்கற கையில இருக்குமுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் எதிரிலேயே எல்லாச் சுளையையும் தின்று கொட்டையை அவர் காலடியில் துப்பிவிட்டு வந்தேன்.

ஆட்டத்துக்கு முன் எங்களை வரிசையாக நிறுத்தி மோந்து பார்ப்பார். உடம்பில் விளக்கெண்ணெய் தடவியிருந்தால் பிடித்தவன் கை வழுக்கும் அல்லவா? அதற்காக. நகத்தைப் பார்ப்பார். இடுப்பில் கட்டின கயிற்றை இழுத்துப் பார்ப்பார். "எண்ணெய் தேச்சீங்களா?" என்பார். "இல்லீங்க" என்பான் ஒருவன். "அப்பறம் ஏனுங்க மூச்சைப் புடிச்சுட்டு இல்லைங்கறீங்க?" என்பார். அவன் போய்ச் சாம்பல் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவான்.

ஆனால் அவர் பெயர் பெற்றது மூக்கால் இல்லை, காதால். சடுகுடுவில் பாடிப் போகிறவன் ஒரே மூச்சில் போய், எதிராளியைத் தொட்டு, அந்த மூச்சு அறுவதற்குள் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். நடுவில் ஒரு வாய்க் காற்றை ஒருவருக்கும் தெரியாமல் இழுத்துக்கொள்வதுதான் திருட்டு மூச்சு. அதில் எங்கள் ஆட்கள் கைதேர்ந்தவர்கள். தொடையில் தட்டுகிற சத்தத்தில் ஒருவன் இழுப்பான். தலையைத் திருப்புகிற சாக்கில் இன்னொருவன் இழுப்பான். கோட்டுக்காரர் தரையோடு தரையாகக் குனிந்து காதை நீட்டிக்கொண்டு கோட்டோரம் நகர்ந்துகொண்டே இருப்பார். "திருட்டு மூச்சு!" என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான், அவன் வெளியே. தகராறு பண்ணினால், எந்த இடத்தில் எந்தக் கால் வைத்தபோது இழுத்தான் என்று சொல்லிக் காட்டுவார். இழுத்தவன் தலையைச் சொறிந்துகொண்டு போவான்.

ஆட்டக்களத்தோடு இந்தக் குணம் நின்றிருந்தால் பரவாயில்லை. என் தாய்மாமன் தேன் விற்கிறவர். ஒருநாள் இவரிடம், "சுத்தமான மலைத்தேனுங்க, ஊட்டுக்குக் கொண்டு போங்க" என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தார். இவர் தேனை மோந்துகூடப் பார்க்கவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "தேன் நல்லாத்தான் இருக்குமுங்க. உங்க மூச்சுதான் நல்லா இல்லீங்க" என்று சொல்லிவிட்டார். மாமன் தேனில் வெல்லப்பாகு கலப்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அடிவாரத்துக்காரர் ஒருவர் அதைக் கண்டுபிடித்ததுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. எல்லோரையும் சந்தேகப்படுகிற மனிதன் தானும் எதையோ மறைக்கிறவனாகத்தான் இருப்பான் என்று அன்று முதல் நாங்கள் பேசிக்கொள்ள ஆரம்பித்தோம்.

அவர் குறை சொல்லாத ஒரே மூச்சு என் அண்ணனுடையது. வளப்பூர் நாட்டின் ஆட்டமே அண்ணன் மூச்சில்தான் நின்றது. அண்ணன் பாடிப் போனால் எதிராளிகள் மூச்சு வாங்குவார்கள். அண்ணன் வாங்க மாட்டார். திருடவும் மாட்டார். அண்ணன் பாடும்போது மட்டும் கோட்டுக்காரர் முகத்தில் ஒரு சாந்தம் வரும். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருக்கும், சந்தேகமாகவும் இருக்கும். இந்த மனிதருக்கு எங்கள் அண்ணன் மேல் என்ன கண்?

அந்த வருஷம் அண்ணனுக்கு ஏதோ சரியில்லை. காட்டிலிருந்து மேடு ஏறி வரும்போது நடுவழியில் நின்று மிளகுக்கொடியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பார். விலாவில் கை இருக்கும். நானும் அண்ணியும் கேட்டோம். சாமைத் தூசி நெஞ்சில் போயிருக்கிறது என்றார். ஆட்டம் நடந்துகொண்டிருந்த சமயம். தூசி என்றால் தூசி என்று நம்புவதுதான் எங்கள் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. அண்ணி மட்டும் நம்பவில்லை. ஆட்டத்துக்குப் போக வேண்டாம் என்று அவர் சொன்ன அன்று அண்ணன் சோற்று வட்டிலைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

வைகாசிக் கடைசியில் வந்தது அந்த ஆட்டம். எங்களுக்கும் பக்கத்து நாட்டாருக்கும் அந்தப் பருவத்து வெற்றிகள் சமமாக இருந்தன. இதில் ஜெயிக்கிற நாட்டுக்குத்தான் ஆடித் திருவிழாவில் முதல் பரிவட்டம். சாமை அறுத்த மேட்டுக்காட்டில் களம். மேற்கே கருக்கல் கட்டியிருந்தது. மழை முந்துமா ஆட்டம் முந்துமா என்று கிழடு கட்டைகளெல்லாம் வானத்தைப் பார்ப்பதும் களத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். ஆளுக்கு ஆள் விழுந்து, நானும் விழுந்து, கடைசியில் எங்கள் பக்கம் அண்ணன் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவன் என்று வந்து நின்றது. அந்த ஆள் பலாமரம் மாதிரி இருப்பான். கையில் சிக்கினால் விடவே மாட்டான்.

இங்கே எங்கள் மலைக் கட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைசி ஆள் மூச்சை விட்டுவிட்டால் உடனே தோல்வி இல்லை. மறுபாட்டு உண்டு. ஆனால் உட்காரக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, இளைப்பாறக் கூடாது. நின்ற நிலையில் அப்படியே திரும்பி இன்னொரு தரம் பாடிப் போக வேண்டும். கெட்டி நெஞ்சுக்காரனுக்கே அது வாய் உலர்ந்து போகிற காரியம்.

அண்ணன் பாடிக்கொண்டு போனார். அந்தப் பலாமரத்தின் தோளைத் தொட்டும் விட்டார். திரும்பும்போது அவன் பாய்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் குப்புற விழுந்து, அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, மண்ணைப் பிறாண்டி நகர்ந்தார். சடுகுடு சடுகுடு என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. மேளக்காரன் வெறி பிடித்தாற்போல அடித்தான். கோட்டுக்காரர் மண்ணில் படுத்து, அண்ணன் வாயருகே காதை வைத்திருந்தார். விரல் கோட்டைத் தொட்டது. தொடுமுன் மூச்சு அறுந்ததா இல்லையா என்பது எனக்குக் கேட்கவில்லை. ஒருவருக்கும் கேட்டிருக்காது.

மேளம் நின்றது. கோட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. வழக்கமாகக் கண்சிமிட்டுகிற நேரத்தில் சொல்லிவிடுகிறவர், அன்று அப்படியே கிடந்தார். அண்ணனுடைய முதுகு ஏறி இறங்குவதையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கைமண்ணைத் தட்டிவிட்டு, "மூச்சு இருக்குது. ஆட்டம் முடிஞ்சுதுங்க" என்றார்.

எங்கள் ஆட்கள் அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அந்தப் பலாமரத்துக்காரன் மட்டும் தரையிலிருந்து எழாமல், "இல்லை, அறுந்துச்சு. எங்கையில தெரிஞ்சுது" என்று கத்திக்கொண்டிருந்தான். தோற்றவன் அப்படித்தான் சொல்வான் என்று நாங்கள் சிரித்தோம்.

சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. கூட்டம் கலைவதற்கு முன்பே கோட்டுக்காரர் நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். "அம்மிணி, ஒரு வாய்க் கஞ்சி குடுங்க. உப்புப் போட்டுக் குடுங்க" என்றார். அண்ணி திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது? கேட்டவருக்கு இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அண்ணி கொடுத்தார். அவர், பின்னாலேயே வந்துவிட்ட இரண்டு நாட்டாரும் பார்க்க, நின்றபடியே அதைக் குடித்தார். கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

பிறகு வட்டிலைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் வீட்டுக்குப் பின்னால் போனார். அண்ணியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். இதை நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார்.

அன்றிரவே பேச்சு மாறிவிட்டது. ஜெயித்தவர்கள் நாங்கள், எங்களுக்கே அந்த ஜெயம் கசந்தது. இத்தனை வருஷம் ஒரு சுளை பலாப்பழம் தொடாத மனிதன் இப்போது எதற்கு உப்பைக் கேட்டுத் தின்றான்? எதற்குக் கூலி இது? மிளகுக்காட்டில் பங்கு கேட்டு வருவான் என்றார் மாமன். பக்கத்து நாட்டானிடமும் வாங்கியிருப்பான், எங்களை மாட்டிவிடத்தான் இப்படிச் செய்தான் என்றான் மேளக்காரன். ஒருத்தி சொன்னது அண்ணன் காதுக்கு எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணியின் பிறந்த ஊர், புளியஞ்சோலைத் தடத்தில் மலைச்சரிவில் இருக்கிறது. ஏறி வருகிற கோட்டுக்காரர் அந்த ஊரைத் தாண்டித்தான் வர வேண்டும். முன்பே பழக்கமோ என்னவோ என்றாளாம்.

அண்ணன் நேராகவே கேட்டார். நான் பக்கத்தில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்தாளு உங்கிட்ட என்ன சொன்னான்?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா வாயைப் பொத்துனே?"

"நம்ம ரெண்டு பேரும் எங்க அம்மா ஊட்டுக்குப் போயிட்டு வரலாமுங்க. அப்படியே கீழயும் போயிட்டு வரலாம்."

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கீழ எதுக்கு? அவன் ஊட்டுக்கா?" என்றார். அண்ணி அழுதார். அந்த அழுகையும் அண்ணனுக்குச் சந்தேகமாகவே பட்டது.

அதிலிருந்து அண்ணி கையால் கொடுத்த எதையும் அண்ணன் தின்னவில்லை. சோற்றில் மருந்து வைத்துவிடுவார்கள் என்ற பயம் எங்கள் பக்கத்தில் உண்டு. கீழே கூட்டிப் போகத் துடிக்கிறாள், சோற்றிலும் எதையோ கலப்பாள் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. தானே ராகிக் களி கிண்டித் தின்பார். பானையை மோந்து பார்ப்பார். மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் இருமலை வாயில் துண்டை வைத்து அடக்குவது எனக்குக் கேட்கும். நான் எழுந்து உட்கார்ந்தால் இருமல் நின்றுவிடும். அண்ணி ஒருநாள் தன் பானையில் ஒரு கவளம் எடுத்து என் முன்னால் தின்று காட்டிவிட்டு, "இதுல என்ன இருக்குதுன்னு நீங்களே உங்க அண்ணங்கிட்டச் சொல்லுங்க கொழுந்தனாரே" என்றார். சொன்னேன். "உனக்கும் ஊட்டிட்டாளா?" என்றார் அண்ணன். எல்லாம் அந்தக் காதுக்காரரால் வந்த வினை என்று நினைத்தேன்.

ஆடித் திருவிழாவுக்கு முன்னால் பக்கத்து நாட்டார் வழக்குக் கொண்டுவந்தார்கள். பரிவட்டம் கட்டுவதற்கு முன் கோட்டுக்காரர் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். நாட்டுத் தலைவரான பட்டக்காரர் ஆளனுப்பினார். அவர் வரமாட்டார் என்று நான் நினைத்தேன். நல்ல மழையில் வழுக்குத் தடத்தில் ஏறி வந்து நின்றார். உடம்பெல்லாம் சேறு. இந்த முறை சோற்று மூட்டை இல்லை.

பட்டக்காரர் கேட்டார்: "அந்தக் கடைசிப் பாட்டுல மூச்சு இருந்துச்சுங்களா, இல்லீங்களா?"

அவர் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்தார். "இல்லீங்க. அறுந்துபோச்சுங்க. நான் பொய் சொன்னேன்."

சபை கொதித்தது. பட்டக்காரர் தடியைத் தட்டி அடக்கினார். "யாருகிட்ட என்ன வாங்குனீங்க?"

"ஒண்ணும் வாங்கலீங்க."

"வாங்காதவரு எதுக்குங்க அந்த ஊட்டுக் கஞ்சியைக் குடிச்சீங்க?"

"பொய் சொன்னவன் மறுபடி கோட்டுல நிக்கப்படாதுங்க. அடுத்த தை மாசம் நீங்க கூப்புட்டா எனக்கு ஆசை வந்துருமுங்க. அதனால அன்னைக்கே எல்லார் முன்னாடியும் உப்பைத் தின்னுபோட்டேன்."

"சரி, பொய் எதுக்குச் சொன்னீங்க?"

அதற்கு மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. அதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார். "எனக்கு மூச்சு இருந்துச்சு! இந்தாளு அன்னைக்குச் சொன்னதுதான் நெசம். இன்னைக்கு யாருக்காகவோ மாத்திச் சொல்றான்" என்றார்.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்படின்னா இங்கயே பாடுங்க."

அண்ணிதான். சபையில் பெண்கள் பேசுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. கோட்டுக்காரர் திடுக்கிட்டுத் திரும்பி, "வேண்டாம் அம்மிணி" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. அவருகிட்டச் சொல்லாதீங்க, சொன்னா வீம்புக்கு ஆடுவாருன்னு சொல்லீட்டுப் போயிட்டீங்க. உங்க பேச்சைக் கேட்டு வாயை மூடிட்டு இருந்து எங்க ஊடே நாசமாப் போச்சு." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "மூச்சு இருக்குதுல்ல? பாடுங்க. இங்கிருந்து அந்தத் தூண் வரைக்கும் பாடிட்டுப் போங்க. நான் பொய்க்காரின்னு ஒத்துக்கறேன்."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் துண்டை இடுப்பில் கட்டினார். நெஞ்சை நிமிர்த்தி ஆரம்பித்தார். முதலில் பழைய குரல்தான் வந்தது. நாலு எட்டு போவதற்குள் உள்ளே ஏதோ களக்களக் என்றது, பாதித் தண்ணீரோடு குடத்தை ஆட்டினாற்போல. மழைச் சத்தத்தையும் மீறி அது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பாட்டு அறுந்தது. அண்ணன் மறுபடி ஆரம்பித்தார். மறுபடி அறுந்தது. மூன்றாம் தரம் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டார். கோட்டுக்காரரைப் பார்த்தேன். ஊர் மூச்சையெல்லாம் காது கொடுத்துக் கேட்ட மனிதர், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அறுந்தது என்று அன்று சொல்லியிருந்தால் அண்ணன் மறுபாட்டுக்குப் போயிருப்பார். அந்த நெஞ்சோடு, இளைப்பாறாமல், அந்தப் பலாமரத்தை எதிர்த்து. போகாதே என்று யார் சொன்னாலும் நின்றிருக்க மாட்டார். களத்திலேயே முடிந்திருக்கும். கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத்தான் அண்ணியிடம் அன்று அவர் சொல்லியிருக்கிறார்.

பரிவட்டம் பக்கத்து நாட்டுக்குப் போனது. கோட்டுக்காரர் இனிமேல் மலையில் எந்தக் களத்திலும் நிற்கக் கூடாது என்று தீர்ப்பானது. தலையை ஆட்டிவிட்டு மழையில் இறங்கிப் போனார். அண்ணனைத் தூளி கட்டிக் காரவள்ளிக்கு இறக்கினோம். முன்பக்கத்துக் கம்பைத் தூக்கியது அந்தப் பலாமரத்துக்காரன். வேறு யாருக்கும் அவன் தோள் மாற்றவே இல்லை. கீழே ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்திருக்கிறது என்று ஊசி போட்டு இழுத்தார்கள்.

அண்ணன் பிழைத்தார். அடுத்த தை மாதம் மேலே வந்தார். ஒரு பக்கத்து நெஞ்சு சுருங்கிப் போயிருந்தது. வந்த அன்றே அண்ணி கையால் சோறு வாங்கித் தின்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணியும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனால் கோட்டுக்காரர் பேச்சை எடுத்தால் அண்ணன் முகம் கறுத்துவிடும். "அன்னைக்கு எனக்கு மூச்சு இருந்துச்சு. சபையிலதான் போச்சு" என்பார். "அந்தாளு சூது பண்ணீட்டான். என்னை ஜெயிச்சவனாவும் விடலே, தோத்தவனாவும் விடலே." எத்தனை வருஷம் போனாலும் இதே பேச்சு. மறுபாட்டுக்கு விட்டிருந்தால் போய் ஜெயித்திருப்பேன் என்று ஒரு நாள் சொல்வார். மூச்சே அறவில்லை என்று மறுநாள் சொல்வார். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாது என்று எடுத்துச் சொன்னால் என்னோடு பேச மாட்டார். அண்ணன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குச் சில சமயம் தோன்றும். அவரவர் மூச்சை எங்கே விடுவது என்று அடுத்தவர் முடிவு செய்யலாமா? கோட்டுக்காரர் அன்றே வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் அந்த மழைக்காலம் அப்படிக் கழிந்திருக்காது. ஆனால் அந்த மனிதர் யாரையும் நம்பியவர் இல்லை. உண்மையைச் சொன்னால் என் அண்ணன் கேட்பார் என்பதையும் நம்பவில்லை.

பிறகு களத்துக்கு வேறு ஆள் வந்தான், ஊதலோடு. யார் வீட்டிலும் தின்பான். எல்லோரும் மூச்சைத் திருடினோம். ஆட்டம் கலகலப்பாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பல வருஷம் கழித்து, மேலே உப்பும் கருவாடும் கொண்டுவருகிற வியாபாரி ஒருவன், கோட்டுக்காரர் போய்விட்டார் என்று போகிறபோக்கில் சொன்னான். அண்ணன் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு உள்ளே போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "எங்கீங்க?" என்றார் அண்ணி. அண்ணன் புளியஞ்சோலைத் தடத்தில் இறங்க ஆரம்பித்தார். நானும் அண்ணியும் பின்னாலேயே ஓடினோம். அவருக்கு இறக்கமும் ஏற்றம் மாதிரிதான். வழியெல்லாம் பாறை கண்ட இடத்தில் உட்கார்ந்தார். திரும்பிவிடலாம் என்று நான் சொன்னபோது, காது கேட்காதவர் போல எழுந்து நடந்தார். செத்த மனிதரோடு சண்டைக்குத்தான் போகிறாரோ என்றுகூட எனக்குச் சந்தேகமாக இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். அவர் மனைவி வெளியே வந்து எங்கள் மூவரையும் பார்த்தார்.

"ஏனுங்க, எந்த ஊருங்க? யாருன்னு தெரியலீங்களே?"

அண்ணன் வாயைத் திறந்தார். மூச்சு பிடிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சின் நல்ல பக்கம் மட்டும் ஏறி ஏறி இறங்கியது. நான் சொல்லப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"மெதுவாச் சொல்லுங்க சாமி, அவசரமில்லை" என்றார் அந்த அம்மாள்.

"வளப்பூர் நாடுங்க" என்றார் அண்ணன். இன்னும் கொஞ்சம் காற்றை இழுத்துக்கொண்டார். "அந்தக் கடைசி ஆட்டத்துல பாடிப் போனவன் நாந்தானுங்க." மறுபடி நின்றார். நாங்கள் மூவரும் காத்திருந்தோம்.

"எனக்கு மூச்சு இல்லீங்க, அன்னைக்கு."